குடிக்காமல் வைத்த கோப்பை

"அதை யாரும் தொடாதீங்க! தொட்டா கையை முறிச்சுடுவேன்!"

"தொடலை மாமா. ஈ உட்காருதேன்னுதான்..."

"மாமாவா? யாருடா உனக்கு மாமா? இந்தச் சாக்குல உறவு கொண்டாடறியா? தள்ளி நில்லு!"

அபூ முத்லக்கின் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. ஏசி ஓடவில்லை. ஏசியை நிறுத்தி வைத்ததற்கும் காரணம் உண்டு. அது ஓடினால் பக்கத்து வீட்டில் பேசுவது ஒன்றும் காதில் விழாது.

அமெரிக்கத் தூதுக்குழுவின் மூன்று கறுப்பு வண்டிகள் அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தன. அபூ முத்லக்கின் திவானியாவில், அதாவது ஆண்கள் வாராவாரம் கூடி உட்கார்ந்து உலகத்தைத் திருத்தும் அந்த நீள அறையில், இருபத்து மூன்று பேர் எழுந்து நின்று ஒரு குட்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் கைக்குள் அடங்கும் ஒரு கோப்பை. அதில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா. ஊற்றியது ஊற்றியபடி, ஒரு வாய்கூடக் குறையாமல்.

எங்கள் குவைத்தில், கொடுத்த கஹ்வாவைக் குடிக்காமல் கீழே வைப்பவர் காப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எனக்கு ஒன்று ஆகவேண்டும், தருகிறேன் என்று சொல், அப்புறம் குடிக்கிறேன்' என்கிறார். உடனே வீட்டுக்காரர், "குடியுங்க, நீங்க கேட்டது கொடுத்தாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். பெண் கேட்க வருகிறவர்கள் செய்வது அதைத்தான். கோப்பையை வைத்தவர் கேட்காமலும் குடிக்காமலும் எழுந்து போய்விட்டாரோ, அந்த வீட்டுக்காரர் மறுநாள் மீன் சந்தையில் தலைகாட்ட முடியாது.

அந்த மேசை இருந்தது தூதுக்குழுத் தலைவர் ஹாஸ்கின்ஸ் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில்.

"ஏன் குடிக்கலைன்னு ஓடிப்போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றான் மிஷாரி.

"அடப்பாவி! விருந்தாளியைப் பார்த்து ஏன் குடிக்கலைன்னு கேப்பியா? கால் துட்டுக் காப்பிக்குக் கணக்குக் கேக்கறான்னு நினைக்க மாட்டாரா? என்ன வேணும்னு மட்டும் கேளு. ஓடு!"

மிஷாரி ஓடினான். வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அவன் ஓடியதை நாலாம் பிளாக் முழுக்கப் பார்த்தது. சிக்னலில் கறுப்பு வண்டி அகப்பட்டது. கண்ணாடி இறங்கியது.

"ஐயா, உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

ஹாஸ்கின்ஸ் முகம் மலரச் சிரித்தார். "ஒண்ணுமே வேண்டாம்! எல்லாம் பிரமாதம்!"

பச்சை விழுந்தது. மிஷாரி மூச்சிரைக்கத் திரும்பி வந்து அதையே சொன்னான்.

அபூ முத்லக் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே வேண்டாம்னா சொன்னாரு?"

"ஆமாம்."

"அப்போ பெருசா ஏதோ இருக்கு."

"ரொம்பப் பெருசு" என்றார் அமைச்சகத் துணைச் செயலர் ஜாசிம். பொருளாதார ஒத்துழைப்புப் பேச்சில் எங்கள் தரப்புக்குத் தலைவர் அவர்தான். "துறைமுகமா இருக்கும்."

*

மிஷாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பத்தொன்று. அமைச்சகத்தில் வரவேற்புப் பிரிவு. யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், எந்தக் கொடி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் முடிவு. வேறு எந்த முடிவும் அவன் கையில் இல்லை.

அபூ முத்லக்கின் மகள் ஹெஸ்ஸா, இரண்டாம் பிளாக்கில் பல் டாக்டர். மிஷாரி அவளிடம் நாலு பல்லை அடைத்துக்கொண்டிருக்கிறான். அதில் இரண்டு நல்ல பல். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவன் அப்பா மூன்று தடவை பெண் கேட்கப் போனார். மூன்று தடவையும் அபூ முத்லக் தேநீர் மட்டுமே கொடுத்தார். தேநீருக்கு அந்த வழக்கம் கிடையாது. குடிக்காமல் கீழே வைத்தால் ஆறிப்போகும், அவ்வளவுதான். பாவம், அந்த மனிதர் கீழே வைப்பதற்கு ஒரு கஹ்வாக் கோப்பை கிடைக்காமலே வயிறு முட்டத் தேநீர் குடித்துவிட்டு மூன்று முறையும் திரும்பி வந்தார். விரோதத்துக்குக் காரணம், மிஷாரியின் அப்பா தன் காருக்குப் போட்ட நிழற்கூரை. அது அபூ முத்லக்கின் மதிலுக்குள் இரண்டு சாண் வந்துவிட்டதாம். இருபது வருஷமாக அந்த இரண்டு சாண் நகரவில்லை.

அதனால்தான் மிஷாரி ஒரு திட்டம் போட்டான். வெளிநாட்டுக் குழு வந்தால் ஒரு மாலை யாராவது பெரியவரின் திவானியாவுக்கு அழைத்துப் போவது வழக்கம். இந்தத் தடவை அபூ முத்லக் வீடு என்று எழுதிக் கொடுத்தான். வல்லரசே வாசலுக்கு வந்தால் மனிதர் மனம் இளகாதா?

இளகத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்கின்ஸுக்கும் அபூ முத்லக்குக்கும் மொழிபெயர்க்க மிஷாரியைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அமெரிக்கருக்குக் கஹ்வா ஊற்றும்போது அடுத்தவனுக்குத் தேநீர் கொடுக்க முடியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டுக் கஹ்வா மிஷாரியின் கைக்கு வந்தது. வந்த நிமிஷமே போன் அடித்தது. அம்மா.

"என்னடா குடுத்தாங்க? டீயா, கஹ்வாவா?"

அவன் வெளியே ஓடிப்போய், "கஹ்வாம்மா, வை போனை" என்று கிசுகிசுத்துவிட்டுத் திரும்பியபோது விருந்தினர்கள் எழுந்துவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் தெரியுமே.

*

"அவர் குடிச்சதை யாராவது பார்த்தீங்களா?" என்று அபூ முத்லக் விசாரணை வைத்தார்.

ஒருவர், ஹாஸ்கின்ஸ் இரண்டு கோப்பை குடித்ததாகச் சொன்னார். இன்னொருவர், கோப்பையை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு பேசியதோடு சரி என்றார். மூன்றாமவர் அந்த நேரத்தில் தன் மச்சான் பிடித்த ஹமூர் மீனின் படத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்தாராம். அவரைச் சுற்றியிருந்த எட்டுப் பேரும் மீனைத்தான் பார்த்தார்கள்.

கஹ்வா ஊற்றிய மிர்தாத்தை யாரும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஊற்றுகிற, பொக்கை வாய் பலூசிஸ்தான்காரர். ஓரமாக நின்று, "ஐயா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் உள்ளேயிருந்து ஹெஸ்ஸா கூப்பிடவே, கூஜாவோடு சமையலறைக்குப் போய்விட்டார்.

கோப்பையின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்கள்.

*

திங்கட்கிழமை காலையில் அபூ முத்லக்குக்கு விடை கிடைத்தது.

"சுவத்துல இருந்த என் வல்லூறு படத்தைத்தான் பார்த்துட்டே இருந்தாரு! கேக்கக் கூச்சம்! பறவையையே எடுத்துட்டுப் போடா."

மிஷாரி அந்த வல்லூறைத் தன் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டு, ஓட்டலுக்குக் கொண்டுபோனான். பதினாலாவது மாடி. ஹாஸ்கின்ஸ் கதவைத் திறந்தார். வல்லூறு அவரைப் பார்த்தது. அவர் வல்லூறைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத்தான் ஐயா. நீங்க கேட்டது."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை. அதான்."

மாலைக்குள் வல்லூறு திரும்பி வந்துவிட்டது, கூடவே இரண்டு பக்கக் கடிதமும். அமெரிக்க அரசு ஊழியர்கள் இவ்வளவு மதிப்புள்ள பரிசை வாங்கக்கூடாது, அதுவும் உயிருள்ளதை என்று இருந்தது. 'உயிருள்ளதை' என்பதற்குக் கீழே கோடு. வல்லூறு ராத்திரி தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அரை நாளிலேயே ஓட்டல் திரைச்சீலை மூன்று கிழிந்திருந்தது.

"திருப்பி அனுப்பிட்டாரா!" அபூ முத்லக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ இது போதலை!"

"நான்தான் சொன்னேனே" என்றார் ஜாசிம். "வீட்டுல வெச்ச கோப்பையா இருந்தாலும் அவர் வந்தது ஒப்பந்தத்துக்கு. கேக்கறதும் அதுலதான் இருக்கும். நாளைக்கு நான் பார்த்துக்கறேன்."

ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு என்று ஒன்று. அவர்களுடைய இயந்திரங்களுக்கு எங்கள் துறைமுகத்தில் எவ்வளவு சுங்கம் என்பது பற்றியது. இரண்டு வருஷமாக இரண்டு தரப்பும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை கூட்டம் ஆரம்பித்து நாலாவது நிமிஷத்தில் ஜாசிம் ஹாஸ்கின்ஸைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

"ஏழாம் பிரிவை விட்டுத் தர்றோம். முழுசா."

ஹாஸ்கின்ஸின் பேனா கீழே விழுந்தது.

"பதிலுக்கு என்ன வேணும்?"

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

ஹாஸ்கின்ஸின் முகம் வெளுத்தது. பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். ஜாசிம் அதைப் பார்த்துவிட்டு மிஷாரியிடம் குனிந்தார்.

"போதலை போலிருக்கே?"

"வேண்டாம் சார், கொஞ்சம் பொறுத்து..."

"ஒன்பதாம் பிரிவையும் எடுத்துக்குங்க!"

கூட்டம் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. கேட்காததையெல்லாம் ஒரு நாடு கொடுக்கிறது என்றால் அதில் என்ன குழி இருக்கிறது என்று பார்க்க, புதன்கிழமை காலை வாஷிங்டனிலிருந்து ஆறு வக்கீல்கள் வந்து இறங்கினார்கள். ஏழாம் பிரிவில் மொத்தம் பதினொரு வரி. ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு வரி எடுத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்கள். கடைசி ஆளுக்கு ஒரு வரிதான் கிடைத்தது. அவருக்குத்தான் சந்தேகம் அதிகம்.

வராந்தாவில் ஹாஸ்கின்ஸ் மிஷாரியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உண்மையைச் சொல்லு. கேக்காததை எதுக்குக் குடுக்கறீங்க?"

"நீங்க கேக்காததாலதான் ஐயா."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா ஒண்ணுதான் குடுத்திருப்போம்."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதைத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

*

புதன் மத்தியானம் ஜாசிம் மிஷாரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கையெழுத்து ஆகணும். ஆகலைன்னா, இந்த விருந்துக்கு ஏற்பாடு பண்ணினது யாருன்னு மேல கேப்பாங்க. உன்னை உலகத்துல எங்க குளிர் ஜாஸ்தியோ அந்தத் தூதரகத்துக்கு அனுப்பிடுவேன்."

அங்கிருந்து அபூ முத்லக் வீட்டுக்கு வந்தால், அங்கே அதைவிட மோசம்.

"சனிக்கிழமை பேங்க்காரர் வீட்டுலேருந்து ஹெஸ்ஸாவைப் பார்க்க வர்றாங்க" என்றார் அபூ முத்லக், மதில் பக்கம் பார்த்துக்கொண்டே. "அவங்களுக்குக் கஹ்வாதான்."

மிஷாரிக்கு அடைத்த பல் நாலும் ஒரே நேரத்தில் வலித்தன.

"மாமா, நாமளே நேராப் போய் அவரைக் கேட்டுடுவோம். கையைப் பிடிச்சுக் கேட்டா சொல்லிடுவாரு."

'மாமா' என்றதைக் கண்டிக்கக்கூட அபூ முத்லக்குக்குத் தெம்பு இல்லை. கிளம்பினார்.

ஓட்டல் கூடத்தில் ஹாஸ்கின்ஸ் ஒரு பக்கம் மூன்று வக்கீல், மறுபக்கம் மூன்று வக்கீல் சூழ உட்கார்ந்திருந்தார். அபூ முத்லக் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுடா மிஷாரி. என் வீடு, தோட்டம், ஒட்டகம், எது வேணும்னாலும் கேக்கச் சொல்லு. வாய்விட்டுக் கேக்கச் சொல்லு!"

மிஷாரி மொழிபெயர்த்தான். ஹாஸ்கின்ஸ் ஆறு வக்கீல்களையும் பார்த்தார். ஆறு பேரும் தலையை ஆட்டக்கூடப் பயந்தார்கள். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். இங்க என்ன நடக்குதுன்னு புரியணும்."

மிஷாரி அதையும் மொழிபெயர்த்தான்.

அபூ முத்லக் கையை விட்டார். "அது எங்கிட்டயே இல்லையே. வேற ஏதாவது கேக்கச் சொல்லு."

*

அன்று மாலை திவானியா நிரம்பி வழிந்தது. இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். நடுவில் கிண்ணம் கவிழ்த்த கோப்பை. கஹ்வாவின் மேல் ஆடை மாதிரி ஏதோ படிந்திருந்தது.

"எழுதுடா" என்றார் அபூ முத்லக். "எழுத்துல போனா வக்கீலுங்களுக்குப் புரியும். என்ன கேட்டாலும் கொடுத்தாச்சுன்னு எழுது. என் கையெழுத்தும் போடறேன். எல்லாரும் சாட்சி போடுங்க."

மிஷாரி பேனாவை எடுத்தான். அழகாக எழுதுவதுதானே அவன் வேலை. 'மேன்மைதாங்கிய' என்று ஆரம்பித்து நின்றான்.

"முழுப்பேரு எப்படி எழுதறது? ஹாஸ்கின்ஸா, ஹஸ்கென்ஸா?"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூஜாவோடு சுற்றி வந்துகொண்டிருந்த மிர்தாத், "பேருல ஒரு எழுத்துத் தப்பினா அந்த ஆறு பேரும் பிடிச்சுக்குவாங்க ஐயா" என்றார்.

"அதுவும் சரிதான். பேரை விடு. 'இந்தக் கோப்பையைக் கீழே வைத்த விருந்தினர்'னு போடு. வெச்சவருக்குத் தெரியும்."

மிஷாரி எழுதினான்: 'இந்தக் கோப்பையைக் கீழே வைத்த மேன்மைதாங்கிய விருந்தினர் எவராயினும், அவர் எதைக் கேட்பினும், என் வீட்டில் எதுவாயினும், அது இப்போதே தரப்பட்டது.' அபூ முத்லக் கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்று பேரும் போட்டார்கள். மீன் படம் காட்டியவர் இரண்டு இடத்தில் போட்டார்.

மிர்தாத் கூஜாவைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஐயா, அமெரிக்காக்காரர் மூணு கோப்பை குடிச்சாரே. குடிச்சுட்டுப் போதும்னு கோப்பையை ஆட்டி எங்கிட்டதானே குடுத்தாரு."

"என்னது? அப்போ இது யாரோடது?"

"இந்தத் தம்பியோடது. போன் அடிச்சதும் குடிக்காம வெச்சுட்டு ஓடிச்சு."

எல்லாத் தலையும் மிஷாரியின் பக்கம் திரும்பியது.

"என்னோடதா?" என்றான் மிஷாரி. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தான். கையில் கோப்பை இருந்தது. போன் அடித்தது. அப்புறம் கையில் போன் இருந்தது. நடுவில் கோப்பை எங்கே போனது? "என்னோடதா... இருக்கும் போலிருக்கே!"

"மூணு நாளா ஏன்டா சொல்லலை?"

"எனக்கே இப்போதானே தெரியுது மாமா!"

ஜாசிம் கடிதத்தைக் கையில் எடுத்து, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "'விருந்தினர் எவராயினும்... எதைக் கேட்பினும்... என் வீட்டில் எதுவாயினும்.'" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அபூ முத்லக், இதை ஆறு வக்கீல் படிச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அபூ முத்லக் கூரையைப் பார்த்தார். மதில் பக்கம் பார்த்தார். இருபத்து மூன்று சாட்சிகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் கோப்பையை எடுத்து மிஷாரியின் முன்னால் நீட்டினார்.

"குடி. நீ கேட்டது கொடுத்தாச்சு."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே..."

"மூணு வருஷமா உங்கப்பன் கேட்டது போதாதா? குடிடா!"

மூன்று நாள் கஹ்வாவை மிஷாரி ஒரே மூச்சில் குடித்தான். அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் வயிறு சரியில்லை என்று கேள்வி. அவன் முகம் மட்டும் சரியாகத்தான் இருந்தது.

*

வியாழக்கிழமை காலை ஜாசிம் கூட்டத்துக்குப் போன வேகத்தில் ஏழாம் பிரிவையும் ஒன்பதாம் பிரிவையும் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ஹாஸ்கின்ஸின் முகத்தில் இரண்டு நாளாகப் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. "இப்போதான் பேச்சுவார்த்தை மாதிரி இருக்கு!" என்று அவரும் குத்தினார். அஸ்தமனம் வரை சண்டை போட்டு, சந்தோஷமாகக் கையெழுத்தும் போட்டார்கள்.

சனிக்கிழமை பேங்க்காரர் வீட்டிலிருந்து வந்தார்கள். தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

பெருநாள் கழித்து மிஷாரிக்கும் ஹெஸ்ஸாவுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் கடலோரமாக சால்மியாவுக்குக் குடிபோனார்கள், நிழற்கூரைச் சண்டை காதில் விழாத தூரத்துக்கு. ஆமாம், அந்த இரண்டு சாண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சம்பந்திகள் இப்போது கஹ்வா குடித்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள். பேங்க்காரர் பையன் ஜாசிமின் தங்கை மகளைக் கட்டிக்கொண்டான். ஹாஸ்கின்ஸுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல். அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போனாராம்.

கடைசியாகக் கிளம்பியவர் மிர்தாத். முப்பது வருஷம் போதும் என்று கடலுக்கு அந்தப் பக்கம் தன் ஊருக்கே புறப்பட்டார். விடைபெற எங்கள் வாசலுக்கு வந்து சிரித்தபோதுதான் கவனித்தேன். பொக்கை வாயாக இருந்த மனிதருக்கு வாய் நிறையப் பல். மேலே எட்டு, கீழே எட்டு, முத்து மாதிரி.

"எப்போ கட்டினீங்க மிர்தாத்?"

"அந்த வியாழக்கிழமைதான். ஹெஸ்ஸா பொண்ணு கட்டிவிட்டுச்சு."

"எந்த வியாழக்கிழமை?"

மிர்தாத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கோப்பை அமெரிக்காக்காரரோடதுதான். தம்பி வெச்சுட்டு ஓடினதை நான் அப்பவே எடுத்துட்டேன். ஏலக்காய் ஒத்துக்காதுன்னு எங்கிட்டச் சைகை காட்டிட்டுத்தான் கீழ வெச்சாரு. அன்னிக்கே சொல்ல வந்தேன், ஹெஸ்ஸா பொண்ணு சமையலறைக்குக் கூப்பிட்டு, 'அப்பா வாக்குக் குடுக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க, அப்புறம் என் கிளினிக்குக்கு வந்து நல்லாத் திறங்க'ன்னுச்சு."